திங்கட்கிழமைத் தாள்

நூற்பாலைகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பது எங்கள் தொழில். 1990-களின் நடுவில் கோயம்புத்தூரில் அந்த நிறுவனத்தில் புரோகிராமராகச் சேர்ந்தேன். பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் அதை நடத்தும் பொறுப்பே என்னிடம் வந்தது. இப்போது என்னைவிட இளையவர் ஒருவரிடம் அதைக் கொடுத்துவிட்டேன். தொழில்நுட்ப நிறுவனத்தின் தலைமையில் இருப்பவர் காலையிலிருந்து இரவு வரை என்னதான் செய்கிறார் என்று உறவுக்காரப் பிள்ளைகள் கேட்பதுண்டு. என் அனுபவத்தில் அந்த வேலையின் பெரும்பங்கு ஒன்றுதான். கெட்ட செய்தி நம்மிடம் சீக்கிரம் வந்து சேரும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். வந்ததை, சேரவேண்டியவரிடம் அன்றைக்கே சேர்க்க வேண்டும். புதுப் பொருள், சந்தை, முதலீடு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

வெளியில் இருப்பவர்களுக்கு மில் கணக்கு எளிதாகத் தெரியும். பஞ்சு வாங்குகிறார்கள், நூல் விற்கிறார்கள், நடுவில் என்ன இருக்கிறது என்பார்கள். நடுவில்தான் எல்லாம் இருக்கிறது. பஞ்சு விலையைக் கண்டிக் கணக்கில் பேசுவார்கள். ஒரு கண்டி 356 கிலோ. மில்லுக்குள் வருவதோ பேல் பேலாக. ஒரு பேல் சுமார் 170 கிலோ. புளோரூமில் பிரித்து, கார்டிங், டிராயிங், சிம்ப்ளெக்ஸ் தாண்டி, ரிங் ஃப்ரேமில் நூலாகிக் கோனில் ஏறும்போது எடையில் ஒரு பகுதி வேஸ்ட்டாகப் போயிருக்கும். அந்த வேஸ்ட்டிலும் ரகம் உண்டு, ரகத்துக்கு ஒரு விலை உண்டு. நூலை விற்பது கவுண்ட் கணக்கில். நாற்பதாம் நம்பர் நூல் என்றால் ஒரு பவுண்டு எடையில் 840 கெஜச் சிட்டம் நாற்பது நிற்கும். கைத்தறிக்காரர்களுக்கென்று சட்டப்படி சிட்டமாகக் கட்டவேண்டிய நூலுக்குத் தனிக் கணக்கு. ஷிப்ட்வாரி உற்பத்தி தனி. ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் கரண்ட் என்பது தனி. கடையில் வாங்கும் பொதுவான கணக்கு மென்பொருள் இத்தனையையும் தாங்காது.

இந்த ஊரில் முதல் நூற்பாலை 1888-ல் ஸ்டேன்ஸ் காலத்தில் வந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு மில்கள் பெருகின. 1956-ல் ஆராய்ச்சிக்காக சிட்ரா, 1962-ல் மெஷின் செய்ய லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் என்று எல்லாம் பக்கத்திலேயே அமைந்தன. அந்த வரிசையில் மில் மென்பொருளும் இங்கேயே முளைத்தது. பெங்களூருவிலோ சென்னையிலோ உட்கார்ந்து இதை எழுதியிருக்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம். நான் சேர்ந்த புதிதில் ஒரு ஸ்பின்னிங் மாஸ்டர், நான் குனிந்து கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்துவிட்டு, “அம்மிணி, ஸ்க்ரீனு எங்கியும் போயிராது. மொதல்ல வந்து மெஷினைப் பாருங்க” என்று உள்ளே கூட்டிக்கொண்டு போனார். ஒரு முழு ஷிப்ட் அவரோடு நடந்தேன். காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு, முடியெல்லாம் பஞ்சுத் தூசியோடு வெளியே வந்தபோது, கல்லூரி முழுக்கப் படித்ததைவிட அன்றைக்குக் கற்றது அதிகம் என்று பட்டது.

அப்போது எங்கள் மென்பொருள் ஃபாக்ஸ்புரோவில் இருந்தது. நாவெல் நெட்வேரில் நாலைந்து கம்ப்யூட்டர், 132 காலம் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் ஒன்று; ஒரு மில்லுக்கு அவ்வளவுதான் ஏற்பாடு. 1999-ல் ஊரே ஒய்டுகே என்று பேசியது. ஃபாக்ஸ்புரோவின் தேதிக் களம் வருஷத்தை நான்கு இலக்கமாகத்தான் சேமிக்கும், அதனால் நமக்குப் பயமில்லை என்று சொல்லித் திரிந்தவர்கள் இருந்தார்கள். ஆனால் லாட் எண்ணைப் பாருங்கள். ‘99/0412’ என்று எழுத்தாக வைத்திருந்த காலம் அது. ஜனவரியில் ‘00/0001’ வந்தால், வரிசைப்படுத்தும்போது புது லாட் மேலே போகும், பழைய லாட் கீழே தங்கும். எது முதலில் வந்ததோ அதை முதலில் எடு என்ற முறை தலைகீழாகும். அதனால் என்ன என்று கேட்கலாம். வெவ்வேறு கலவையில் ஓடிய கோன்கள் ஒரே பின்னல் மெஷினில் ஏறினால், துணி வெள்ளையாக இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. திருப்பூரில் சாயம் போட்டு எடுத்ததும் பட்டை பட்டையாகக் கோடு விழும். அந்தத் துணி முழுவதும் கிளெய்மாக மில் தலையில் வந்து விடியும்.

எங்கள் நிறுவனர் அந்த ஆபத்தைக் கேட்ட அன்றே ஒவ்வொரு மில் முதலாளிக்கும் கடிதம் போட்டார். எந்த ரிப்போர்ட் தப்பாக வரும், எந்தத் தேதிக்குள் நாங்கள் சரிசெய்து தருவோம், அதுவரை கிடங்குப் பொறுப்பாளர் கையால் என்ன குறித்துவைக்க வேண்டும் என்று அதில் இருந்தது. விற்பனைப் பிரிவில் இருந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. நாமே ஏன் போய் நம் பொருளில் குறை என்று எழுதிக் கொடுக்கவேண்டும் என்றார்கள். அவர் இன்டெல் கதையைச் சொன்னார். 1994-ல் பென்டியம் சிப் சில எண்களை வகுக்கும்போது விடை பிசகியது. இன்டெல் பொறியாளர்களுக்கே அது முன்பே தெரிந்திருந்தது. வர்ஜீனியாவில் தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர் தானாகக் கண்டுபிடித்து வெளியில் சொன்ன பிறகும், சாதாரண ஆட்களுக்கு இது படவே படாது, உண்மையில் தேவைப்படுகிறவர்களுக்கு மட்டும் மாற்றித் தருகிறோம் என்றது நிறுவனம். டிசம்பரில் ஐபிஎம் பென்டியம் கம்ப்யூட்டர்களை அனுப்புவதை நிறுத்தியது. அதற்குப் பிறகே, கேட்கிற எல்லோருக்கும் மாற்றித் தருவதாக ஆண்டி குரோவ் இறங்கிவந்தார். கணக்கில் ஏறிய செலவு 47.5 கோடி டாலர். “கணக்குப்படி இன்டெல் சொன்னது சரிதான். அத்தனை அரிதான பிழைதான். ஆனா அதை நாமே மொதல்ல சொல்லியிருக்கணும்” என்றார் எங்கள் சார். அந்த அறையில் கேட்ட பாடத்தை வைத்துத்தான் பிற்காலத்தில் நான் நிறுவனத்தை நடத்தினேன்.

பொறுப்பு என் கைக்கு வந்ததும் முதலில் பிடிபட்டது பணத்தின் நடை. லைசென்ஸ் விற்றால் பணம் மொத்தமாக வரும், பிறகு மாதக்கணக்கில் வராது. ஏஎம்சி என்கிற வருடாந்திரப் பராமரிப்புத் தொகை சிறிதாக இருந்தாலும் வருஷா வருஷம் வரும். சம்பளம் மாதக் கடைசியில் போயே தீரும். இதில் டிடிஎஸ் வேறு. பத்து சதவீதத்தை வாடிக்கையாளர் பிடித்துக்கொண்டு வருமான வரித்துறைக்குக் கட்டிவிடுவார். எங்கள் லாபமே சில வருஷங்களில் பத்து சதவீதத்துக்கு வராது. அதிகமாகப் பிடித்தது ரீஃபண்டாகத் திரும்பி வரும்வரை அந்தப் பணத்துக்கு நாங்கள் வட்டி கட்டவேண்டும். 2020 ஏப்ரல் முதல் தொழில்நுட்பச் சேவைக்கு அதை இரண்டு சதவீதமாகக் குறைத்தார்கள். சிறிய மென்பொருள் நிறுவனங்களுக்கு அது எவ்வளவு பெரிய மூச்சு என்பது வெளியே அதிகம் பேசப்படவில்லை.

ஓவர்டிராஃப்ட் கேட்டு வங்கிக்குப் போனபோது, “அடமானத்துக்கு என்னம்மா இருக்குது?” என்று கேட்டார் மேலாளர். எங்கள் மென்பொருளில் ஓடும் மில்களின் பட்டியலைக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார். “இதெல்லாம் நல்லாத்தான் இருக்குது. கட்டடமோ மெஷினோ இருந்தா சொல்லுங்க” என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருடைய விதிப்புத்தகத்தில் கோடுக்கு மதிப்பில்லை. கடைசியில் வீட்டுப் பத்திரம்தான் போனது. நம் ஊரில் மென்பொருள் நிறுவனம் வளர்வது திறமையால் என்று மேடையில் பேசுகிறோம். அதில் எத்தனை வீட்டுப் பத்திரங்கள் வங்கிப் பெட்டகத்தில் கிடக்கின்றன என்பதையும் சேர்த்துப் பேசினால் நல்லது.

பணம்கூட எண்ணாகக் கண்ணுக்குத் தெரியும். தெரியாமல் இருப்பது வேலையின் உண்மை நிலவரம். ஒரு புரோகிராமரிடம் எப்படிப் போகிறது என்று கேட்டால், “ஆயிடுங்க மேடம், தொண்ணூறு பர்சென்ட் முடிஞ்சுது” என்பார். அடுத்த வாரமும் தொண்ணூறுதான். அவர் பொய் சொல்லவில்லை. எழுதவேண்டியதை எழுதிவிட்டார், மில்லின் உண்மையான டேட்டாவைப் போட்டு ஓட்டிப் பார்க்கவில்லை. மீதிப் பத்து சதவீதத்தில்தான் பாதி வேலை ஒளிந்திருக்கிறது. அவர் அதைத் தன் டீம் லீடரிடம் சொல்லும்போது கொஞ்சம் மெருகேறும். டீம் லீடர் மேலாளரிடம் சொல்லும்போது இன்னும் கொஞ்சம். மேலாளர் என்னிடம் வரும்போது எல்லாம் நன்றாகவே இருக்கும். எங்கள் பக்கத்துப் பண்பும் இதற்குத் துணை. பெரியவர்கள் முகத்துக்கு நேரே இல்லை, முடியாது என்று சொல்வது மரியாதையில்லை என்று வளர்ந்த பிள்ளைகள் அவர்கள்.

அதற்காகத்தான் திங்கட்கிழமைத் தாள். ஒரே ஒரு பக்கம். மேலே கையிருப்பும் வரவேண்டிய பாக்கியும். அதற்குக் கீழே திறந்தபடி கிடக்கும் புகார்கள். எத்தனை புகார் என்று எண்ணிக்கை போட விடமாட்டேன். எண்ணிக்கையைக் குறைக்க ஆயிரம் வழி இருக்கிறது, சின்னச் சின்னதாக இருபதை முடித்துவிட்டுப் பெரிய ஒன்றைத் தள்ளிப்போடலாம். எது மிகப் பழைய புகார், அது எந்த மில், யார் கையில் இருக்கிறது என்பதைத்தான் எழுதவேண்டும். பழையதிலிருந்து புதியதுக்கு வரிசை. செய்துகொண்டிருக்கும் வேலைகளுக்கு சதவீதம் கிடையாது. எது ஓடுகிறதோ அதைக் கூட்டத்திலேயே ஓட்டிக் காட்டவேண்டும். ஓடவில்லை என்று ஒருவர் சொன்னால் அந்த அறையில் யாரும் அவரைக் கடிந்துகொள்ளக்கூடாது. என்னுடைய கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “மில்லுக்குச் சொல்லியாச்சா?”

ஒரே மாதத்தில் இது பழகிவிடவில்லை. முதலில் எல்லோரும் தாளை அலங்கரித்துக்கொண்டுதான் வந்தார்கள். ஒரு நாள் அமைதியான பெண் ஒருத்தி, சப்போர்ட்டில் போன் எடுப்பவள், பெயிண்டிங் போல இருந்த அந்தப் பட்டியலில் இல்லாத ஒரு புகாரைச் சொன்னாள். உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு மில்லில் பஞ்சு ஸ்டாக், எடை மேடைக் கணக்கோடு ஒத்துப்போகவில்லை என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், எங்கள் ஆட்கள் அது அவர்கள் எடைமேடைக் கோளாறு என்று மூடி வைத்துவிட்டார்கள் என்றாள். அவளுடைய மேலாளர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அந்தக் கூட்டத்தில் நான் அவளுக்கு நன்றி சொன்னேன், மேலாளரை ஒன்றும் சொல்லவில்லை, அன்று மாலையே ஒருவரை அந்த மில்லுக்கு அனுப்பினேன். அடுத்த வாரத்திலிருந்து தாள் நிஜமாக வர ஆரம்பித்தது. மாதத் தொடக்கத்தில், மில்கள் ஸ்டாக் எடுத்துக் கணக்கை மூடும் நாட்களில், நானே போய் சப்போர்ட் மேஜையில் உட்காரும் வழக்கமும் அதற்குப் பிறகு வந்தது. ஒரு தலைவருக்குத் தெரியவேண்டியது முதலில் போன் எடுக்கிறவருக்குத்தான் தெரிகிறது.

2009 ஜனவரி 7-ஆம் தேதி சத்யம் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் காட்டிய ரொக்கத்தில் ஐயாயிரம் கோடிக்கு மேல் இல்லவே இல்லை என்று இயக்குநர் குழுவுக்குக் கடிதம் எழுதினார். சிறிய இடைவெளியில் தொடங்கி, வருஷம் வருஷமாகப் பெரிதானது அது. அன்றைக்கு நான் அதைப் படித்தபோது எனக்கு வந்தது கோபத்தைவிடத் துக்கம். ஐம்பதாயிரம் பேர் வேலை செய்த இடம். முதல் காலாண்டில் இலக்கு எட்டவில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால் பங்கு விலை விழுந்திருக்கும், அவ்வளவுதான். அந்த வாரத்தில் எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்து, “ஏனுங்க மேடம், உங்க கம்பெனிக் கணக்கெல்லாம் எப்படிங்க?” என்று கேட்டார். தணிக்கை முடிந்த பேலன்ஸ் ஷீட் நகலை அவருக்கு அனுப்பினேன். பிறகு கேட்காதவர்களுக்கும் அனுப்பினேன்.

அதே சமயத்தில் இங்கே மின்வெட்டு. 2008-ல் தொடங்கி 2012 வாக்கில் உச்சத்துக்குப் போனது. சென்னைக்கு வெளியே நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லாத காலம். மில் என்பது ஓடிக்கொண்டே இருக்கவேண்டிய சாமான். நின்று ஓடினால் ஒவ்வொரு முறையும் நூல் அறும், வேஸ்ட் ஏறும். ஜெனரேட்டரில் ஓட்டினால் டீசல் விலை லாபத்தைத் தின்றுவிடும். ஷிப்டுக்கு ஷிப்ட் ஈபி யூனிட் எவ்வளவு, ஜெனரேட்டர் யூனிட் எவ்வளவு, எந்தக் கவுண்டை எந்த நேரத்தில் ஓட்டினால் கட்டும் என்று காட்டும் ஒரு ரிப்போர்ட்டை அப்போது எழுதிக் கொடுத்தோம். நாங்கள் செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஆனால் அதை வைத்துக் கணக்குப் பார்த்த மில்களிடமே எங்களுக்குக் கொடுக்கப் பணமில்லை.

பாக்கி ஏறியது. மென்பொருளில் லாக் வைத்துவிடலாம் என்றார்கள் எங்கள் ஆட்கள் சிலர். குறிப்பிட்ட தேதிக்குள் பணம் வராவிட்டால் மென்பொருள் திறக்காது. தொழிலில் பலர் செய்கிற காரியம். நான் ஒப்புக்கொள்ளவில்லை. மில்லில் பில் அடிக்க முடியவில்லை என்றால் லாரி நிற்கும், லாரி நின்றால் நூல் போகாது, நூல் போகாவிட்டால் நமக்குக் கொடுக்கவேண்டிய பணமும் அவர்கள் கைக்கு வராது. இது வெறும் கணக்கு. இதற்கு மேலே ஒன்று உண்டு. ஒருவர் தன் தொழிலின் சாவியை நம்மை நம்பிக் கொடுத்திருக்கும்போது, அதை வைத்து அவரைப் பூட்டுவது தகாது. நான் நேரில் போய் அக்கவுன்டன்ட் அறைகளில் உட்கார்ந்தேன். எப்போது எவ்வளவு முடியும் என்று கேட்டு எழுதி வாங்கினேன். சிலர் தவணையில் கொடுத்தார்கள், சில மில்கள் மூடியே போயின. அந்தப் பாக்கியை வராக்கடனாக எழுதிவிட்டு நகர்ந்தோம்.

இனி 2017. இந்தத் தொழிலில் இருந்தவர்கள் அந்த ஜூன் மாதத்தை மறக்க மாட்டார்கள்.

ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி. பருத்தி நூலுக்கு ஐந்து சதவீதம். ஈரோட்டுக்கு விற்றால் இரண்டரை மத்திய வரி, இரண்டரை மாநில வரி. பிவண்டிக்கு விற்றால் ஐந்தும் ஐஜிஎஸ்டி. வாங்குபவரின் ஜிஎஸ்டி எண்ணில் முதல் இரண்டு இலக்கமே மாநிலத்தைச் சொல்லும், தமிழ்நாட்டுக்கு 33, மகாராஷ்டிராவுக்கு 27. அதை வைத்து மென்பொருள் தானாகவே வரியைப் பிரித்துக்கொள்ளும். பில், வவுச்சர், ரிட்டர்ன் எல்லாம் மாற்றி எழுதினோம். ஜூன் நடுவில் பெரும்பாலான வேலை முடிந்து, ஓட்டிக் காட்டியும் ஆகியிருந்தது.

அப்போது ஓர் இளம் புரோகிராமர் மாலையில் என் அறை வாசலில் வந்து நின்றார். அன்று பகல் முழுவதும் ஒரு மில்லின் டெஸ்பாட்ச் பிரிவில் உட்கார்ந்துவிட்டு வந்திருந்தார்.

“மேடம், டெப்போவுக்கு நூல் அனுப்பறாங்கல்லங்க, அந்த ஸ்க்ரீன்ல வரிக்கே இடமில்லைங்க.”

“ஸ்க்ரீன்ல இல்லையா, டேபிள்லயே இல்லையா?”

“டேபிள்லயே இல்லைங்க.”

விஷயம் என்னவென்றால், பல மில்கள் பிவண்டி, இச்சல்கரஞ்சி போன்ற ஊர்களில் கிடங்கு வைத்திருந்தன. நூலை முதலில் அங்கே அனுப்பிவைத்து, அங்கிருந்து விற்பார்கள். பழைய சட்டத்தில் அது விற்பனை கிடையாது. தன் சரக்கைத் தானே இடம் மாற்றுகிறார். எஃப் ஃபாரம் கொடுத்தால் வரியில்லை. அதனால் எங்கள் மென்பொருளில் அது வெறும் ஸ்டாக் நகர்வு. எத்தனை பெட்டி, எத்தனை கிலோ, எந்த லாரி, அத்தோடு சரி. ஜிஎஸ்டியில் வெளிமாநிலக் கிடங்கு தனிப் பதிவு எண் கொண்ட தனி ஆள். தன் கிடங்குக்குத் தானே அனுப்பினாலும் டாக்ஸ் இன்வாய்ஸ் வேண்டும், விலை போடவேண்டும், ஐஜிஎஸ்டி கட்டவேண்டும். கிடங்கு அதை வரவு எடுத்துக்கொள்ளும். ஸ்க்ரீனில் ஒரு பெட்டி கூட்டினால் தீராது. ஸ்டாக் நகர்வு விற்பனைப் பில்லாக மாறவேண்டும், அங்கே கொள்முதலாக இறங்கவேண்டும், வழியில் இருக்கும் சரக்கு இரண்டு பக்கமும் தெரியவேண்டும். அவருடைய டீம் லீடரையும் கூப்பிட்டுக் கேட்டேன். ராத்திரி பகலாக உழைத்தாலும் ஜூலை ஒன்றாம் தேதிக்கு நம்பிக்கையாகத் தரமுடியாது என்று இருவருமே சொன்னார்கள்.

அவசரமாக எதையாவது ஒட்டவைத்து அனுப்பலாம் என்ற யோசனை வந்தது. வரி இன்வாய்ஸில் தவறு வந்தால் அது மில்லின் ரிட்டர்னில் ஏறும், கிடங்கின் வரவில் இடிக்கும், பிறகு திருத்த மாதங்கள் ஆகும். வேண்டாம் என்றேன். வெளிமாநிலத்தில் டெப்போ இருக்கும் மில்களின் பட்டியலை எடுத்துவரச் சொல்லி, அன்றிரவே போனில் உட்கார்ந்தேன். மேலாளர்களிடம் விடாமல் நானே பேசினேன். ஜூலை முதல் வாரம் டெப்போ சரக்கு எங்கள் மென்பொருளில் போகாது. இரண்டாம் வாரம் தருகிறோம். அதுவரை இரண்டு வழி இருக்கிறது: டெப்போவுக்கு அனுப்பவேண்டியதை ஜூன் முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் கையால் எழுதும் இன்வாய்ஸ் புத்தகம் அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள், வரிசை எண்ணை நாங்கள் பிறகு ஏற்றித் தருகிறோம்.

ஒரு முதலாளி நன்றாகவே சத்தம் போட்டார். “இத்தனை வருஷமா உங்களுக்கு ஏஎம்சி கட்டறது எதுக்குங்க?” என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது, கேட்டுக்கொண்டேன். இன்னொரு மில்லின் மூத்த அக்கவுன்டன்ட் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சரிங்கம்மா, இன்னும் நாள் இருக்கறப்பவே சொல்லிட்டீங்க. நாளைக்கே பிரஸ்ஸுல குடுத்தர்றேன்” என்று வைத்துவிட்டார். சத்தம் போட்ட முதலாளியின் ஆட்களும் அடுத்த நாளே புத்தகம் அச்சடிக்கக் கொடுத்தார்கள் என்று பிறகு தெரிந்தது.

ஜூலை 1 சனிக்கிழமை. முந்தின நள்ளிரவில் நாடாளுமன்ற மைய மண்டபத்தில் தொடக்க விழா நடந்தபோது எங்கள் சப்போர்ட் அறையில் எல்லோரும் விழித்திருந்தார்கள். விடிந்து முதல் பில் ஒரு பல்லடம் மில்லிலிருந்து சரியாக வந்தது. திங்கட்கிழமை முழு வேகம். அந்த வாரம் வந்த போன்களில் பெரும்பாலானவை வரி விதி பற்றிய சந்தேகங்கள், எங்கள் மென்பொருள் பற்றியவை குறைவு. டெப்போ பகுதியை இரண்டாம் வாரத்தில் கொடுத்தோம். கையால் எழுதிய இன்வாய்ஸ்களை ஏற்றிக் கொடுக்க மில்லுக்கு ஒருவரை அனுப்பினோம். அந்தப் பட்டியலில் இருந்த ஒரு மில்லும் அதனால் எங்களை விட்டுப் போகவில்லை. அடுத்த ஏப்ரலில் ஈ-வே பில் வந்தபோது, அதே முதலாளி முன்கூட்டியே கூப்பிட்டு, “இதுல எது ஆகாதுன்னு இப்பவே சொல்லிருங்க” என்றார். வாசலில் வந்து நின்ற அந்தப் புரோகிராமர் இன்று எங்கள் தயாரிப்புப் பிரிவின் தலைவர்.

மேலே வரும் கெட்ட செய்தியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். கீழே போகவேண்டியதும் உண்டு, அதுதான் கடினம். 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு தொடங்கியது. மில்கள் நின்றன. விடுதிகளில் இருந்த தொழிலாளர்கள் ஊருக்குப் போகமுடியாமல் தவித்தார்கள். ஏப்ரலில்தான் எங்களுக்குப் பெரும்பாலான ஏஎம்சி புதுப்பிப்பு வரும்; அந்த ஏப்ரலில் ஏறக்குறைய ஒன்றுமே வரவில்லை. கையிருப்பு மூன்று மாதச் சம்பளத்துக்கு இருந்தது. இதை ஊழியர்களிடம் சொல்லலாமா என்று மூத்தவர்களுக்குள் பேச்சு வந்தது. சொன்னால் நல்ல ஆட்கள் முதலில் போய்விடுவார்கள் என்பது எதிர்ப்பக்க வாதம். அதைத் தள்ளிவிட முடியாது. ஒய்டுகே காலத்திலிருந்தே எங்களிடம் பழகியவர்களை பெங்களூரு கொத்திக்கொண்டு போனதை நான் பார்த்திருக்கிறேன்.

சொல்லிவிட்டேன். எல்லோரையும் வீடியோ அழைப்பில் வைத்து, திங்கட்கிழமைத் தாளின் மேல்பகுதியைக் காட்டினேன். வங்கியில் இவ்வளவு, வரவேண்டியது இவ்வளவு, மாதச் செலவு இவ்வளவு. அதிகச் சம்பளம் வாங்குபவர்களுக்கு அதிக வெட்டு, குறைந்த சம்பளக்காரர்களுக்கு வெட்டே இல்லை, எனக்குப் பாதி. யாரையும் அனுப்பும் எண்ணம் இப்போது இல்லை. நிலைமை மாறினால் ஒரு மாதம் முன்னாலேயே இதே அழைப்பில் சொல்வேன் என்றேன். கேள்வி கேட்கச் சொன்னபோது முதலில் யாருமே பேசவில்லை. பிறகு அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்கும் அக்கா, மகனுடைய போனிலிருந்து, “அப்ப எனக்கு அடுத்த மாசம் உண்டுங்களா?” என்று கேட்டார். உண்டு என்றேன். மற்றவர்களின் கேள்விகள் அதற்குப் பிறகு தயங்காமல் வந்தன. சிலர் வேறு வேலை தேடிப் போனார்கள். ஆனால் பெரும்பாலோர் தங்கினார்கள். அந்த ஆண்டின் கடைசியில் நூல் விலை ஏற ஆரம்பித்தது, 2021-ல் மில்களுக்கு நல்ல காலம். பழைய பாக்கி வந்து சேர்ந்ததும் முதலில் வெட்டிய சம்பளத்தைத் திருப்பிக் கொடுத்தோம்.

தலைமைப் பொறுப்பில் இருப்பவரைச் சுற்றி நாளாக ஆக ஒரு மெத்தை உருவாகிவிடுகிறது. வருஷம் கூடக்கூட அவர் முன்னால் தயங்குகிறவர்கள் கூடுகிறார்கள். கூட்டத்தில் நான் ஒன்றைச் சொன்னவுடன் மறுபேச்சு குறைவதைக் கவனித்தபோதுதான் பொறுப்பைக் கொடுத்துவிடலாம் என்று முடிவெடுத்தேன். உடம்பில் தெம்பு இருந்தது, வேலையின் மேல் ஆசையும் இருந்தது. ஆனால் செய்தி வரும் வழி அடைபட ஆரம்பித்த பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது நிறுவனத்துக்கு நல்லதில்லை என்று நினைத்தேன்.

புதிதாக வந்தவர் என்னிடம் முதலில் கேட்டது எங்களை விட்டுப்போன மில்களின் பட்டியலை. நான் அதைத் தனி நோட்டில் வைத்திருந்தேன், ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதி: மில் மூடியது, வெளிநாட்டு ஈஆர்பிக்கு மாறினார்கள், விலை கட்டவில்லை, சொந்தமாக எழுதிக்கொண்டார்கள். அவர் அந்த நோட்டோடு திண்டுக்கல், ராஜபாளையம் பக்கம் கிளம்பிப் போனார். ராஜபாளையத்தில் ஒரு மில் முதலாளி, விலைதான் காரணமா என்று இவர் கேட்டதற்குச் சிரித்துவிட்டு, “விலையெல்லாம் பேசித் தீத்திருக்கலாம் தம்பி. கொரோனாவுக்கு அப்புறம் உங்க ஆளு ஒருத்தர்கூட மில்லுக்குள்ள வரல. போன்லயே எல்லாம் பாத்துக்கறோம்னீங்க. எங்க ஆட்டோகோனரு மாறிப்போச்சு, டெஸ்பாட்ச் மாறிப்போச்சு, உங்க ஸ்க்ரீனு மட்டும் மாறல” என்றாராம். என் நோட்டில் அந்த மில்லுக்கு நேரே விலை என்றுதான் இருக்கிறது. இப்போது ஒவ்வொரு புரோகிராமரும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு முழு ஷிப்ட் மில்லுக்குள் இருந்துவிட்டு வரவேண்டும் என்று அவர் விதி போட்டிருக்கிறார். போய்வந்தவர்கள் பார்த்ததை எழுத, திங்கட்கிழமைத் தாளின் அடியில் புதிதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறார்கள்.